நெட்டி முறித்தால் மூட்டு தேயுமா?

ஈசூன் வீட்டில் பாட்டி எங்கள் முகத்தை வழித்து, தம் நெற்றிப்பொட்டில் விரல் மடக்கி நெட்டி முறிப்பார். எத்தனை சத்தமோ அத்தனை கண்ணேறாம்! ஆனால், படிக்கும்போது நான் சொடக்கெடுத்தால் மட்டும் ‘மூட்டு தேய்ஞ்சிடும்’ என அதட்டுவார்.

அது எலும்பு உரசும் ஒலியன்று. மூட்டை இழுக்கையில் உள்ளேயுள்ள மசகுத் திரவத்தின் அழுத்தம் சட்டெனக் குறைந்து, கரைந்திருந்த வாயு குமிழாகிறது. குமிழ் உடைவதே ஒலி என்றது 1971 ஆய்வு. உருவாவதே ஒலி என்றது 2015 ஆய்வு. வழக்கு தீரவில்லை. வாயு மீண்டும் கரைய ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும். அதனால்தான் உடனே மறுபடி நெட்டி விழுவதில்லை.

அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கரையும் அம்மா, அத்தைமார், மாமியார் எல்லாரும் எச்சரித்தார்களாம். 50 ஆண்டுகள் இடக்கையில் மட்டும் நெட்டி முறித்து, இரு கைகளிலும் மூட்டுவாதமில்லை என 1998இல் எழுதினார். ஒருவர் கை சான்றாகாதுதான். ஆனால் பலரை ஒப்பிட்ட ஆய்வுகளும் தொடர்பு காணவில்லை. வலியோ வீக்கமோ சேர்ந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.