கன்றும் கபச்சுரப்பியும்

நாட்டுப் பசு கன்றைக் கண்டாலன்றி எளிதிற் பால் விடாது என்பது வன்னிப் பெருநிலத்திலே பட்டி மாடு வைத்திருப்போர் அனைவரும் அறிந்த உண்மை. கன்றை அவிழ்த்துச் சிறிது ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் அதனைத் தாயின் முன்னே கட்டிவைத்துக் கறப்பர். கன்று இறந்துவிடின், தோலினுள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்துவதும் பழைய வழக்கமே. இவ்வழக்கங்களின் உட்பொருளை விளக்கும் ஓமோன் ஒட்சிற்றோசின் ஆகும். பாலை இறக்கும் இவ்வோமோன், இனப்பெருக்கத்தை ஆளும் கபச்சுரப்பியின் ஓமோன்களோடும் உறவுடையது. அவ்வுறவை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கபச்சுரப்பி மூளையின் அடியில் அமைந்த சிறு சுரப்பி. அதற்கு முற்சோணை, பிற்சோணை என இரு பகுதிகள் உண்டு. ஒட்சிற்றோசின் பிற்சோணையிலிருந்து குருதியிற் கலப்பினும், அங்கே ஆக்கப்படுவதில்லை. மேலேயுள்ள பரிவகக்கீழின் நரம்புக் கலங்கள் அதனை ஆக்கி, தம் நீண்ட நரம்பு நார்களின் வழியே பிற்சோணைக்கு அனுப்புகின்றன.

கபச்சுரப்பிச் சாறு கருவுற்ற பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதை 1906ஆம் ஆண்டில் ஹென்றி டேல் கண்டார். 1910இல் ஓட், ஸ்கொட் என்போர் அச்சாறு ஆட்டின் மடியிலிருந்து பாலை வெளிப்படுத்துவதைக் காட்டினர். ஒன்பது அமினோவமிலங்களாலான இவ்வோமோனின் அமைப்பை 1953இல் வின்சென்ற் டு விக்னோ தெளிவாக்கி, அதனை ஆய்வுகூடத்திலே தொகுத்தும் காட்டினார். 1955ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்கு உரியதாயிற்று.

கன்று முட்டி ஊட்டும்போது முலைக்காம்பின் உணர்ச்சி நரம்பு வழியாக மூளையை அடைகிறது. உடனே ஒட்சிற்றோசின் குருதி வழியாக மடியை அடைந்து, பாற்சிற்றறைகளைச் சூழ்ந்த கலங்களைச் சுருக்குகிறது, பால் இறங்குகிறது. ஈலி, பீட்டர்சன் என்னும் ஆய்வாளர் மடியின் ஒரு பாதிக்குரிய நரம்புகளை அறுத்த பின்னரும் இரு பாதிகளும் பால் விட்டதை 1941இல் கண்டனர். நரம்பு செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கிறது. மடிக்கு ஆணையைக் கொணர்வதோ குருதியே என்பது இதனாற் புலனாயிற்று. பசு அஞ்சினால் அதிரினலின் சுரந்து இவ்வினையைத் தடுக்கும். ஒட்சிற்றோசினின் ஆற்றலும் சில நிமிடங்களே நிற்பது. ஆதலாற் கறவைக்கு அமைதியும் விரைவும் வேண்டும்.

இனி முற்சோணைக்கு வருவோம். சூலகத்திலே முட்டையை முதிர்விக்கும் ஓமோனும், முதிர்ந்த முட்டையை வெளியேற்றும் லூற்றினாக்கும் ஓமோனும், பாலை ஆக்கும் புரொலக்ரினும் இங்கேதான் சுரக்கின்றன. முன்னிரண்டையும் ஏவும் பரிவகக்கீழ் ஓமோன் நுண்ணிய வாயிற் குருதிக்கலன்கள் வழியே முற்சோணையை அடைகிறது. அவ்வேவலோமோனின் அமைப்பை வெளியிட்ட ஷாலி, கில்லெமின் ஆகிய இருவரும் 1977இல் நோபல் பரிசைப் பங்கிட்டனர். ஒட்சிற்றோசினும் அதே குருதிக்கலன்களிற் காணப்படுகிறது. எலிகளிலே அது புரொலக்ரின் வெளியீட்டைத் தூண்டுவதையும், லூற்றினாக்கும் ஓமோனின் எழுச்சிக்குத் துணைபுரிவதையும் ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனினும் இது துணைவனேயன்றித் தலைவனன்று. புரொலக்ரினுக்கு முதன்மைக் கடிவாளம் டோபமின். லூற்றினாக்கும் ஓமோனுக்கு முதன்மை ஏவலாள் முற்கூறிய பரிவகக்கீழ் ஓமோனே.

பசுவில் மற்றுமொரு வழியும் உண்டு. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சட்சடலமும் ஒட்சிற்றோசினைச் சுரக்கும். பசு சினைப்படாவிடின், இருபத்தொரு நாள் வட்டத்தின் ஏறக்குறையப் பதினேழாம் நாளளவில், கருப்பை புரொஸ்ரகிளாண்டினைச் சுரக்க அது தூண்டுகிறது. அதனால் மஞ்சட்சடலம் அழிய, புரொஜெஸ்தரோன் குறைய, முற்சோணையின் தடை நீங்குகிறது. பசு மீண்டும் வேட்கைக்கு வருகிறது.

இவ்வறிவால் வன்னி உழவனுக்குப் பயன் யாது? பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டின், ஈன்ற 85 நாளுக்குள் அது மறுபடியும் சினைப்படல் வேண்டும். கன்று பகலும் இரவும் தாயுடன் நின்று ஊட்டினால், பரிவகக்கீழின் ஏவல் தளர்ந்து வேட்கை பிந்தும். இத்தடை ஒட்சிற்றோசினின் வேலையன்று. தன் கன்றைத் தாய் அறிந்து ஊட்டுவதால் மூளையில் எழுவது. புல் கருகும் கோடையில் உடல் மெலிந்த பசுவுக்கு இத்தாமதம் மேலும் நீளும்.

ஆகவே, சீம்பாற் பருவம் கழிந்தபின், கறவையின்போது கன்றை ஊட்டவிட்டு ஏனைய நேரம் பிரித்துக் கட்டும் நம் முன்னோர் முறை அறிவுக்கு ஒத்ததே. ஆயினும் கன்றின் பங்கைக் குறைத்துப் பட்டினியிடல் ஆகாது. இன்றைய கன்றே நாளைய பசு. தாய்க்கும் தீனி குறையலாகாது. பால் இறங்கவென நாள்தோறும் ஒட்சிற்றோசின் ஊசி ஏற்றுவதும் தகாது. அவ்வாறு பழகிய பசு தன் இயல்பான சுரப்புக்குப் பால் விடாத நிலையை அடையக் கூடும்.

கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. நம் மாணவர் அங்கு சென்று கற்பதோடு, பட்டி வைத்திருக்கும் முதியோரிடமும் கேட்டறிதல் வேண்டும். ஓமோன் என்னும் பெயர் பிறக்குமுன்னரே, கன்றின்றிப் பாலில்லை என்பதை அறிந்து நடந்தவர்கள் அவர்களின் முன்னோரே.