வெதரும் கிளைமேட்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சேலத்திலிருந்து புறப்படும் பேருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டில் நின்றதும், இறங்குவோரில் பலர் சொல்வது ஒன்றுதான்: "இன்னைக்குக் கிளைமேட் பிரமாதம்!" அவர்கள் சொல்ல வேண்டிய சொல் 'வெதர்' என்பதாகும். முதலாண்டில் நானும் இதே பிழையைச் செய்து வகுப்பின் சிரிப்புக்கு ஆளானவன்தான். ஆகவே இவ்விரு சொற்களின் வேறுபாட்டை நம் சேர்வராயன் மலையைக் கொண்டே காண்போம்.

'வெதர்' என்பது வானிலை. ஓரிடத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நிலவும் வெப்பம், மழை, காற்று, மூடுபனி ஆகியவற்றை அது குறிக்கும். காலையில் வெயில், பிற்பகலில் மூடுபனி, மாலையில் மழை என ஒரே நாளில் அது மும்முறை மாறலாம்.

'கிளைமேட்' என்பது தட்பவெப்ப நிலை. பல்லாண்டு வானிலையின் பொதுவான இயல்பே அது. உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுக் கணக்கை அளவுகோலாகக் கொள்கிறது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. எனவே சேலத்தைவிட ஏற்காடு சுமார் 8 டிகிரி குளிர்ந்திருப்பது கிளைமேட். சித்திரையில் ஒரு நாள் அங்கும் நமக்கு வியர்த்தால், அது வெதர்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பி பயிரிட்டார். காப்பி இங்கே வேரூன்றியது கிளைமேட்டால். ஆனால் அது பூப்பதற்கு வெதரும் துணை நிற்க வேண்டும். மாசி, பங்குனியில் நல்ல மழை ஒன்று பெய்தால், ஏறக்குறைய பத்து நாளில் செடியெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். அம்மழை தவறினால் காய்ப்புக் குறையும். புவி வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் கிளைமேட்டும் மாறி வருகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

என் தாயார் காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர், பள்ளிக்குச் செல்லாதவர். விடுமுறையில் இவ்வேறுபாட்டை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இன்னைக்கு மழை புடிச்சா ஒரு நாள் கூலி போகும், நாளைக்குப் பறிச்சுக்கலாம். வருசா வருசம் பூக்கிற நேரத்து மழை தப்பிப் போனா தோட்டமே போயிடும். அதைத்தானேப்பா சொல்றே?"

அதைத்தான் சொன்னேன்.