கை வலிப்பது யார் குற்றம்?

பொதுத்தேர்வு நெருங்க நெருங்க ஜோலார்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் கேட்கும் பேச்சு, "எழுதி எழுதிக் கை வலிக்குதும்மா." இதற்குப் பெரியவர்கள் சொல்லும் பதில்களில் பாதி தவறு.

நம்பிக்கை: அது சோம்பேறித்தனம். இன்னும் நாலு பக்கம் எழுதினால் சரியாகிவிடும்.

உண்மை: பொதுத்தேர்வில் முதல் 15 நிமிடம் போனால் 10.15 முதல் 1.15 வரை, 3 மணி நேரம் விடாமல் எழுத்துதான். அவ்வளவு நேரமும் விரல்கள் பேனாவை இறுக்கிக்கொண்டிருந்தால் தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, கை கடுக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க அப்பர் தைக்கும் அம்மாவுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே பிடி, ஒரே அசைவு, நடுவில் ஓய்வில்லை.

இன்று இரவே பிள்ளையின் நோட்டைத் திருப்பி, எழுதிய தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். நடுவிரலில் நகத்தை ஒட்டிப் பள்ளம் விழுந்து சிவந்திருந்தால் பிடி இறுக்கம். பால்பாயிண்ட் மை கெட்டியானது, அழுத்தினால்தான் இறங்கும். ஜெல் பேனாவுக்கும் மைப்பேனாவுக்கும் அவ்வளவு அழுத்தம் வேண்டாம். மாற்றுவதானால் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே மாற்றிப் பழக்குங்கள்.

நம்பிக்கை: மூன்று விரல் பிடி மட்டுமே சரி.

உண்மை: கனடாவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், பரவலாக உள்ள நான்கு வகைப் பிடிகளுக்குள் வேகத்திலும் தெளிவிலும் வேறுபாடு தெரியவில்லை. வலிக்காத பிடியைத் திருத்தாதீர்கள். இடது கையால் எழுதும் பிள்ளையை வலது கைக்கு மாற்றவே மாற்றாதீர்கள்.

நம்பிக்கை: டைப் அடித்தால் கை வலிக்காது.

உண்மை: வலிக்கும், இடம்தான் மாறும். பேனாவில் விரலும் கட்டைவிரல் அடியும். கீபோர்டில் மணிக்கட்டும் தோளும் கழுத்தும். குரூப் 4 வேலைக்காக டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தவர்களைக் கேளுங்கள். பழைய மெஷினில் விசையை ஓங்கி அடிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் கையை எடுத்து உருளையைத் தள்ளியாக வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தச் சின்ன ஓய்வும் கிடையாது, நாமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழில் அடிப்பவர்களுக்கு 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைச் சொல்வேன். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். புள்ளி தானாக விழும். உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு என்பதால் வேலை இரு கைக்கும் பிரிகிறது.

நம்பிக்கை: கம்ப்யூட்டரில் டைப் அடித்தாலே மணிக்கட்டு நரம்பு நசுங்கிவிடும்.

உண்மை: அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கம்ப்யூட்டரை அதிகம் பயன்படுத்தும் ஊழியர்களிடம் அந்த நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை.

ஓய்வு கொடுத்தும் விரல் மரத்துப்போனால், அல்லது மற்ற வேலையெல்லாம் செய்யும் கை பேனாவைப் பிடித்ததும் முறுக்கிக்கொண்டால், நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் பொதுத்தேர்வில் உண்டு. உங்கள் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று தலைமை ஆசிரியரிடம் ஹால் டிக்கெட் வருமுன்னே கேட்டுவிடுங்கள்.