ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்டதா? மிதிக்காதீர்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ பறந்துவிட்டு, மூன்று நான்கு வாரம் கழித்துத் திரும்பும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. வீவக திறந்தவெளி நிறுத்துமிடத்தில் பருவமழையில் நனைந்தபடி நின்ற கார் ஸ்டார்ட் ஆகும், கியரும் விழும், ஆனால் ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் நகராது. பின்பக்கம் மட்டும் லேசாகக் குந்தும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி காரைக் கெடுப்பவை. ஆளையே ஆபத்தில் தள்ளுபவையும் உண்டு.

முதல் யோசனை எப்போதும் ஒன்றுதான்: "ஆக்சிலரேட்டரை நல்லா மிதிங்க, தானா விட்டுரும்." சில சமயம் விடத்தான் செய்யும். ஆனால் விட்டது எது? டிரம் பிரேக்கில் இரும்பு ஷூவின்மேல் லைனிங் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் இந்த ஊரில், வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் டிரம்மின் உட்புறம் துருவேறி லைனிங்கைக் கவ்விக்கொள்கிறது. இழுத்துப் பிடுங்கினால் டிரம்மிலிருந்து விடுபடுவதற்குப் பதிலாக லைனிங் ஷூவிலிருந்தே பிய்ந்து வரலாம். அந்தத் துண்டு டிரம்முக்குள் உருண்டு, ஓடும்போது சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும். இன்னொன்றையும் யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, டன்லப் ஸ்திரீட்டில் நடக்க இடமில்லாத கூட்டம். மிதித்த மிதியில் பிரேக் சட்டென்று விட்டால் கார் பாய்வது யார் மேல்?

ஆளில்லாத இடமாகப் பார்த்து, ஒரு கால் பிரேக் மிதிமேல் தயாராக இருக்க, ரிவர்சும் டிரைவும் மாறி மாறிப் போட்டு மெல்ல அசைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறை போதும். அப்போதும் விடவில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ரப்பர் சுத்தியலால் டிரம்மைச் சுற்றித் தட்டியே பெரும்பாலும் விடுவித்துவிடுவார். வெறும் ஜாக்கை நம்பி நீங்கள் காருக்கு அடியில் போகவே கூடாது.

சுடுதண்ணீர் ஊற்றச் சொல்லும் யோசனை பனிகொட்டும் நாடுகளிலிருந்து வாட்ஸ்அப் வழியாக வந்தது. அங்கே கேபிளிலும் ஷூவிலும் உறைவது பனிக்கட்டி, அது வெப்பத்தில் உருகும். இங்கே ஒட்டவைப்பது துரு. அதற்கு வெந்நீரும் இன்னொரு வாளி ஈரம்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது, டபிள்யூடி-40 டப்பாவை எடுத்து டிரம் இடுக்கிலும் டிஸ்க்கிலும் அடிப்பது. பிரேக் பிடிப்பதே உராய்வால்தான். லைனிங்கில் எண்ணெய் ஊறினால் அடுத்த சிக்னலில் கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஊறிய லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வெளியே இருக்கும் கேபிள் மூட்டுகளுக்குப் பட்டறையில் எண்ணெய் இடுவது வேறு விஷயம்.

"ஒட்டிக்கும்னு பயமா இருந்தா ஹேண்ட்பிரேக்கே போடாதீங்க, 'பி' போதும்" என்பவர்களும் உண்டு. 'பி'யில் காரைப் பிடித்து நிறுத்துவது கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு உலோகப் பல். பலமாடி நிறுத்துமிடத்தின் சரிவில் முழுப் பாரமும் அதன்மேல் விழும். தவிர, பயன்படுத்தாத கேபிள் தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகும். என்றாவது ஒருநாள் இழுத்தால் திரும்பி வராது. மூன்று வயதைக் கடந்த கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், சிஓஇ புதுப்பித்துப் பத்து வயதைத் தாண்டியவை ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகின்றன. அங்கே ஹேண்ட்பிரேக்கையும் சோதிப்பார்கள். ஆகவே தினமும் போடுங்கள்.

நீண்ட பயணத்துக்கு முன் மட்டும் விதிவிலக்கு. தரை சமமாக இருந்தால் 'பி'யில் (மேனுவல் என்றால் முதல் கியரில்) விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுப் போகலாம். காரைக் கழுவிய கையோடு, நனைந்த பிரேக்கோடு நிறுத்தாதீர்கள். சற்றுத் தூரம் ஓட்டி, லேசாக பிரேக் மிதித்து உலர்த்தியபின் நிறுத்துங்கள்.

பொத்தான் வைத்த மின் பிரேக் விடவில்லையென்றால் துருவைச் சந்தேகிக்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். வாரக்கணக்கில் நின்ற காரில் பேட்டரி இறங்கியிருந்தால், பிரேக்கை விடுவிக்கும் மோட்டாருக்கு மின்சாரம் போதாது. முதலில் ஜம்ப் ஸ்டார்ட். இழுத்துச் செல்லும் நிலை வந்தால், பின்சக்கரங்கள் பூட்டியிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவற்றுக்கு அடியில் சக்கரம் பொருத்திய தாங்குபலகை வைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

பிரேக் விட்டுவிட்டது என்று உடனே பிஐஇயில் ஏறிவிடாதீர்கள். அக்கம்பக்கத்தில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு பின்சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, அந்தச் சக்கரத்தில் பிரேக் இன்னும் உரசுகிறது. அங்கிருந்து கார் நேராகப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.