நீலப்பச்சைக் குன்று

செப்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்காமல் சில நாள் விட்டுவைத்தால், அதன்மேல் பச்சையாய் ஒரு படலம் படியும். தமிழில் அதற்குக் களிம்பு என்று பெயர். காற்றும் ஈரமும் செம்பைத் தீண்டுவதால் அது உண்டாகிறது. வீட்டில் அதைக் கண்டால் குடத்தைத் துலக்குவர். மலையில் அதைப் போன்ற நிறத்தைக் கண்டால் நிலத்தைத் தோண்டுவர். மங்கோலிய நாட்டின் தெற்கே, கோபிப் பாலைவனத்தில், இவ்வாறு பச்சை படர்ந்த பாறைகளை உடைய சிறு மேடு ஒன்று இருந்தது. அந்நாட்டார் அதனை ஓயூ தோல்கோய் என்றனர். ‘நீலப்பச்சைக் குன்று’ என்பது அதன் பொருள்.

பழங்காலத்தவர் அங்குச் சிறு குழிகள் தோண்டிச் செம்பு எடுத்த அடையாளங்கள் உண்டு. 1990களில் ஒரு பெரிய நிறுவனம் துளையிட்டுப் பார்த்துவிட்டு, செலவுக்கு ஏற்ற பயன் இல்லை எனக் கருதி விலகிக்கொண்டது. அதன்பின் வந்த ஐவன்ஹோ என்னும் கனடா நாட்டு நிறுவனம் மேலும் ஆழமாகத் துளையிட்டது. 2001-ஆம் ஆண்டில் செம்பும் பொன்னும் கலந்த வளமான படிவம் தென்பட்டது. அதனினும் வளமானது இன்னும் ஆழத்தில் இருந்ததைப் பின்னரே அறிந்தனர்.

கண்டுபிடித்தது எளிது என்று சொல்லும் அளவுக்கு, எடுப்பது கடினமாக இருந்தது. தலைநகரான உலான்பாத்தர் ஏறத்தாழ 550 கி.மீ. தொலைவில் உள்ளது. சீன எல்லை 80 கி.மீ. தொலைவில் இருக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்கும். தார்ச்சாலை இல்லை, மின்சாரம் இல்லை. 2009-இல் மங்கோலிய அரசு ஒப்பந்தம் செய்த பிறகே பணிகள் விரைந்தன. விமான ஓடுதளமும் தொழிலாளர் குடியிருப்பும் எழுந்தன. மின்சாரம் சீனாவிலிருந்து வந்தது. 2013-இல் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து முதல் சரக்கு புறப்பட்டது. ஏறத்தாழ 1.3 கி.மீ. ஆழத்தில் அமைந்த நிலத்தடிச் சுரங்கம் 2023-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்குப் பாறையை மேலிருந்து வெட்டுவதில்லை. அடியில் குடைந்து ஆதரவை நீக்கிவிடுகின்றனர். பாறை தன் எடையாலேயே நொறுங்கிக் கீழே விழுகிறது. விழுந்ததை அள்ளி மேலே அனுப்புகின்றனர்.

இச்சுரங்கத்தில் மங்கோலிய அரசுக்கு 34 விழுக்காடும், ரியோ டிண்டோ நிறுவனத்துக்கு 66 விழுக்காடும் பங்கு உண்டு. அரசு தன் பங்குக்கான முதலைக் கடனாகவே பெற்றிருந்தது. கடன் வளர்ந்துகொண்டே போனதால் மக்களிடையே மனக்குறை எழுந்தது. 2022-இல் 240 கோடி டாலர் கடனை நிறுவனம் தள்ளுபடி செய்தது. ஏறத்தாழ 35 இலட்சம் மக்களே வாழும் நாட்டுக்கு இது சிறிய தொகை அன்று.

திறந்தவெளிச் சுரங்கத்தின் ஒரு டன் பாறையில் ஏறத்தாழ 5 கிலோ செம்பே இருக்கும். பொன்னோ ஒரு கிராமுக்கும் குறைவு. ஆகவே பாறையை மாவாக அரைத்து, நீரில் கலக்கி, காற்றைச் செலுத்தி நுரை எழுப்புகின்றனர். செம்புத் தாது நுரையோடு ஒட்டி மேலே வருகிறது. வெறும் மண் அடியில் தங்குகிறது. மேலே வந்ததை உலர்த்திச் சீன எல்லைக்கு லாரிகளில் அனுப்புகின்றனர். இம்முறைக்கு நீர் மிகுதியாக வேண்டும். கோபியின் இப்பகுதியில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையோ ஏறத்தாழ 100 மி.மீ. தான். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மி.மீ. பெய்கிறது, அங்கேயே கோடையில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன.

சுரங்கத்துக்கான நீரை, நிலத்தின் ஆழத்தில் உள்ள உவர்நீர்ப் படுகையிலிருந்து நிறுவனம் எடுக்கிறது. அது குடிக்க உதவாத நீர். பயன்படுத்திய நீரில் பெரும்பகுதியை மீண்டும் பயன்படுத்துவதாகவும் கூறுகிறது. ஆனால் அங்குக் கால்நடை மேய்ப்போரின் அச்சம் வேறு. குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறியாடு, வெள்ளாடு என்னும் ஐவகைக் கால்நடைகளே அவர்களின் செல்வம். கெர் என்னும் வட்டக் கூடாரத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு புல்லையும் நீரையும் தேடி இடம்பெயர்வர். கையால் தோண்டிய ஆழமற்ற கிணறுகளே அவர்களுக்குத் துணை. ஆழத்து நீரை இறைத்தால் மேல்கிணறு வற்றுமோ என்று அவர்கள் வினவினர். பகல் முழுவதும் கிணற்றடியில் காத்திருக்கும் ஒட்டகக் கூட்டத்தைக் கண்டவர்க்கு அவ்வினா வீண் எனத் தோன்றாது.

உந்தாய் ஆறு அவர்களின் மற்றொரு கவலை. பெரும்பாலும் அது மணலாகவே கிடக்கும். ஆனால் மணலுக்கு அடியில் நீரோட்டம் உண்டு. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டியவர்க்கு இது புதிதன்று. சுரங்கக் குழிக்கு வழிவிட அவ்வாற்றின் போக்கைத் திருப்பினர். மேய்ப்போர் புனிதமாகக் கருதிய போர் ஓவோ என்னும் ஊற்று மறைந்தது. அதற்கு ஈடாக வேறோர் இடத்தில் ஊற்று அமைக்கப்பட்டது.

மேய்ப்போர் சும்மா இருக்கவில்லை. சுரங்கத்துக்குக் கடன் அளித்த உலக வங்கிக் குழுமத்தின் முறையீட்டு அலுவலகத்தில் 2012, 2013-ஆம் ஆண்டுகளில் முறையிட்டனர். பின்னர் மேய்ப்போர், உள்ளூராட்சி, நிறுவனம் ஆகிய மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். ஆற்றைத் திருப்பியதால் நேர்ந்ததை வல்லுநர் குழு ஆராய்ந்தது. 2017-இல் உடன்பாடு கையெழுத்தானது. இழப்பீடும் கிணறுகளும் மேய்ச்சல் நிலமும் அதில் இடம்பெற்றன. இன்றும் லாரிகள் எல்லை நோக்கிச் செல்கின்றன. சாலையோரத்தில் ஒட்டகங்கள் மேய்கின்றன.

சொற்பொருள்

துலக்குதல் – தேய்த்துத் தூய்மை செய்தல். படிவம் – நிலத்தடியில் படிந்த கனிமத் தொகுதி. உவர்நீர் – உப்பு நீர். முறையிடுதல் – குறையை எடுத்துரைத்தல்.

பயிற்சி

1. ஓயூ தோல்கோய் என்னும் பெயர் எவ்வாறு வந்திருக்கும்? களிம்புடன் ஒப்பிட்டு எழுதுக.

2. குடிக்க உதவாத நீரையே எடுத்தாலும் மேய்ப்போர் அஞ்சியது ஏன்?

3. ‘செம்பு’ உலோகத்தையும் குறிக்கும். நீர் முகக்கும் கலத்தையும் குறிக்கும். இரு பொருளும் வருமாறு ஒரே தொடர் அமைக்க.

4. மூவர் பேச்சில் மேய்ப்பவர் ஒருவரின் இடத்தில் நீ இருந்தால் முதலில் எதைக் கேட்பாய்? ஐந்து வரிகளில் எழுதுக.