இழுக்காத நேரத்தில் கொக்கி எதற்கு?

ஆரணியில் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓய்வு குறைவு. கமண்டல நாகநதிக் கரையோரக் கழனிகளில் உழவு இருக்கும். அது முடிந்தால் களம்பூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு நெல் மூட்டை ஏற்ற வேண்டும். அதுவும் இல்லாத நாளில் வீடு கட்டுகிறவர்களுக்குச் செங்கல், எம்சாண்ட், தளம் போடும் அன்றைக்குக் காங்கிரீட் மிக்ஸர். வேலைக்கு வேலை டிரெய்லரை மாட்டுவதும் கழற்றுவதும் எங்களுக்குக் கைப்பழக்கம். ஆனால் டிரெய்லரைக் கழற்றுகிற கை, அதை இழுத்த டிராபாரையும் பின்னையும் மட்டும் அப்படியே விட்டுவிடும். "நாளைக்குக் காலையில மறுபடியும் மாட்டத்தானே போறோம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம்.

வாடகைக்கு உழவு ஓட்டுகிறவன் நான். குடியிருப்பதோ நெசவாளர் தெருவில். அதனால் இந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்ள முடியாத இடத்தில் வாழ்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

பாவு நீட்டிய தெருவில்

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பது பலருக்குத் தெரியும். அந்தப் பட்டின் பாதி வேலை தெருவில் நடப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வெயில் ஏறுவதற்கு முன்பே தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டி, ஒட்டிய இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிச்சுப் போட்டுச் சுருட்டுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், அத்தனையும் பட்டு. ஒரு பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட சேலைகள் நெய்யப்படும். அது கெட்டுப்போனால் ஒரு குடும்பத்தின் பல வாரச் சம்பாத்தியம் போய்விடும். அந்த நேரத்தில் தெருவுக்குள் வண்டி வந்தால், ஒதுங்கி நின்று பார்ப்பவர்கள் முன்சக்கரத்தைப் பார்க்க மாட்டார்கள். எல்லோருடைய கண்ணும் வண்டியின் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

ஒருமுறை பாவு போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "அண்ணே, ஓரமா போயிடறேன், இடம் இருக்கு" என்றேன். "இடம் இருக்குப்பா. நீ வளைக்கும்போது பின்னாடி இருக்கிறது எந்தப் பக்கம் வீசும்னு பார்த்திருக்கியா?" என்று கேட்டார்.

டிராக்டர் இடப்பக்கம் வளையும்போது பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் வலப்பக்கம் வீசும். நீட்டம் கூடக் கூட வீச்சும் கூடும். ஒன்பது கலப்பையை மாட்டியிருந்தால் ஆறேழு அடி அகலத்துக்கு இரும்புக் கொழுக்கள் வீசும். வெறும் டிராபார் என்றால் வீச்சு குறைவு, ஆனால் அது ஓட்டுகிறவன் கண்ணில் படவே படாது. இருக்கையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாலும் மட்கார்டும் லிஃப்ட் கைகளும்தான் தெரியும். முன்னால் இருப்பதை நாம் பார்த்து ஓட்டுகிறோம். பின்னால் இருப்பதைப் பார்த்து ஒதுங்கும் வேலை மற்றவர்கள் தலையில் விழுகிறது. இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: இழுக்கும்போது கொக்கி நம்முடைய கருவி. இழுக்காதபோது அது அடுத்தவருக்கு இடைஞ்சல்.

முழங்காலுக்குக் கீழே

டிராபார் இருக்கும் உயரம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே. கெண்டைக்கால் எலும்புக்கு நேராக. டீக்கடை வாசலில் நிற்கும் டிராக்டரைச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் இதில்தான் இடித்துக்கொள்வார்கள். இருட்டில் வரும் மொபெட்டின் முன்சக்கரமும் ஏறக்குறைய இதே உயரத்தில்தான் வந்து மோதும். கண்ணமங்கலம் சாலையிலும் சேவூர்ப் பக்கத்திலும் அறுவடைக் காலத்தில் இரவு ஓடும் டிராக்டர்களில் பின்விளக்கு எரிவது பாதிக்குப் பாதிதான். பின்னால் வருகிறவருக்குப் பெரிய சக்கரங்கள் தெரியும். அந்தச் சக்கரங்களுக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை தெரியாது.

இன்னொரு ஆபத்தை நாமே அழைக்கிறோம். டிராபார் இருந்தால் அதில் கால் வைத்து ஏறிக்கொள்ள ஒரு ஆள் வந்துவிடும். கழனியிலிருந்து வீட்டுக்கு வரும்போது கூலியாட்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பையன்கள். ஒரு குழியில் வண்டி குதித்தால் விழுவது சாலையில், பின்னால் வரும் வண்டிக்கு எதிரே. டிராக்டர் ஓட்டுநருக்கு மட்டுமான வாகனம். கூட ஏறியவருக்கு அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுப்பதும், வழக்கு வருடக்கணக்கில் இழுப்பதும் நீதிமன்றங்களில் பழைய கதை. "ஏறாதே" என்று சத்தம் போடுவதைவிட, கால் வைக்க இடமே இல்லாமல் செய்வது எளிது.

"பின்னால இடிச்சா வண்டிக்கு ஒண்ணும் ஆகாது"

கொக்கியைக் கழற்றாதவர்கள் சொல்லும் இரண்டாவது காரணம் இது. இடிக்கிறவன் வண்டி நசுங்கும், நம்முடையது தப்பிக்கும் என்ற கணக்கு. டிராக்டருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். லாரிக்கு இருப்பதுபோல் டிராக்டருக்குத் தனிச் சட்டகம் (சேஸிஸ்) கிடையாது. என்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் உறை இவை மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டில் முடுக்கப்பட்டு அவையே உடம்பாக நிற்கின்றன. பின்கொக்கியின் தாங்கி அந்த டிஃபரன்ஷியல் உறையில்தான் முடுக்கப்பட்டிருக்கும். கொக்கியில் விழும் அடி நேரே உறைக்குப் போகும். போல்ட் துளைகளில் விரிசல் விட்டால் முதலில் எண்ணெய் கசியும், பிறகு செலவு எந்த டிரெய்லர் வாடகைக்கும் ஈடாகாது.

காருக்கும் கணக்கு இதேதான். பம்பர் நசுங்குவதற்காகவே வைக்கப்பட்டது. அது நசுங்கி அடியை வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருப்பவரின் கழுத்துக்கு வரும் உதறல் குறையும். நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி பம்பருக்கு முன்பே அடியை வாங்கிச் சட்டகத்துக்கு அனுப்பிவிடுகிறது.

லிஃப்டில் தூக்கி வைத்தால் போதுமா?

டிராபாரை லோயர் லிங்க்குகளுக்கு நடுவில் மாட்டியிருப்பவர்கள், அதைக் கழற்றாமல் ஹைட்ராலிக்கில் மேலே தூக்கிவைத்துவிட்டுப் போவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். அதிலும் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, நிறுத்திவைத்த வண்டியில் ஹைட்ராலிக் அழுத்தம் மெல்ல இறங்கும். இரவில் மேலே இருந்த பட்டை விடிவதற்குள் கீழே வந்திருக்கும். குழந்தை லீவரைத் தட்டினால் சட்டென்றே இறங்கும். தூக்கிய எதையும் இறக்கிவைத்துவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்க வேண்டும் என்பது டிராக்டரின் முதல் பாடம்.

இரண்டு, மேலே தூக்கிய பட்டையைப் பார்த்ததும் யாராவது ஒருவர் சேற்றில் சிக்கிய லாரிக்குக் கயிறு கட்டிவிடுவார். இழுக்கும் இடம் பின் அச்சைவிட உயரத்தில் இருந்தால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பும். கிளட்சை வேகமாக விட்டால் ஓட்டுநர் மேலேயே கவிழும். மாஸி ஃபெர்குசன் என்ற பெயரில் இருக்கும் ஹாரி ஃபெர்குசன், மூன்று முனை இணைப்பை உருவாக்கி 1939-இல் ஃபோர்டு டிராக்டரில் கொண்டுவந்தபோது தீர்க்க நினைத்த சிக்கல்களில் இப்படிப் பின்னோக்கிக் கவிழ்வதும் ஒன்று. லோயர் லிங்க்குகளும் அந்த இணைப்பின் பகுதிதான்; அதிலேயே கயிற்றைக் கட்டி இழுத்தால் அவர் தீர்த்துவைத்த சிக்கலை நாம் திரும்பக் கொண்டுவருகிறோம். இழுவைக்கு என்று கீழே தரப்பட்டிருக்கும் கொக்கி மட்டுமே இழுவைக்கு.

நான் கடைப்பிடிக்கும் முறை

மாட்டு வண்டிக் காலத்தில் வண்டியை அவிழ்த்ததும் நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, பூட்டுக்கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போவார்கள். டிராக்டருக்கும் அந்த ஒழுங்கே போதும்.

டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன் ஸ்டாண்டை இறக்கிய பிறகே பின்னை உருவ வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குப் பின்னால் கூடுதலாக இருந்தால், பின்னை உருவிய நொடியில் முன்கம்பு மேலே தூக்கியடிக்கும். அதற்கு நேராக முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. கிளம்பும்போது முட்டுக் கொடுத்த கல்லைச் சாலையிலேயே விட்டுப்போவதும் பெரிய பாவம். இரவில் அந்தக் கல்லில் ஏறி விழுகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான்.

டிராபாரை எடுத்ததும் லோயர் லிங்க் கைகள் இரண்டும் ஆடத் தொடங்கும். அவற்றைச் செயினிலோ ஸ்பிரிங்கிலோ இழுத்துக் கட்ட வேண்டும். இல்லையென்றால் டயரின் பக்கவாட்டைச் சுரண்டிக்கொண்டே வரும்.

ரோட்டவேட்டர் ஓட்டியிருந்தால் தண்டைக் கழற்றியதும், கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. முனைக்கு மூடி போட வேண்டும். அது நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் முனை. ஒரு விநாடிக்கு 9 சுற்று. துண்டோ முந்தானையோ சிக்கினால் இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது. சேலை கட்டியவர்கள் களத்தில் வேலை செய்யும் ஊரில் அந்த மூடிக்கு இருக்கும் மதிப்பை விலையில் சொல்ல முடியாது.

பின்களைப் பெட்டியில் கிரீஸ் தடவி வைக்கிறேன். துளையிலேயே விட்ட பின் மழையில் துருவேறி இறுகிவிடும், சுத்தியலால் அடித்து எடுத்தால் தலை சிதையும். லோயர் லிங்க் பின்னில் சிறிய வகைக்கு 22 மில்லிமீட்டர், பெரியதுக்கு 28 மில்லிமீட்டர் என்று அளவு உண்டு. பெரிய துளையில் சின்னப் பின்னைப் போட்டு ஓட்டினால் துளை நீள்வட்டமாகிவிடும். பூட்டு வளையத்துக்குப் பதிலாக ஆணியையோ கட்டுக்கம்பியையோ வளைத்துப் போடும் பழக்கத்தை விட்டாக வேண்டும். நெல் ஏற்றிய டிரெய்லர் பாதி வழியில் தனியே ஓடுவதற்கு அந்தக் கம்பி அறுந்தால் போதும். கையில் பின்னை எடுத்துத் துடைக்கும்போதுதான் தேய்மானம் கண்ணில் படும். கழற்றுவதால் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான் என்பேன்.

நடவுக் காலத்தில் இந்தப் பட்டியலில் சேற்றுச் சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரும்புச் சக்கரத்தோடு தார்ச் சாலையில் ஏறினால் சாலையும் போகும், அபராதமும் வரும்.

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு

கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் இழுக்கவும், மிக்ஸர் இழுக்கவும் பிக்கப், ஜீப் வண்டிகளில் பின்னால் கொக்கி வைத்துக்கொள்கிறவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் பட்டறையில் நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். வேண்டாம். வண்டியில் சதுரக் குழாய் மட்டும் இருந்து, கொக்கித் தண்டு அதற்குள் நுழைந்து ஒரே ஒரு குறுக்குப் பின்னில் நிற்கும் வகை உண்டு. கனடா, ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் உறவினர்களின் வண்டிகளில் பார்த்திருக்கலாம். அதைப் பின்னை உருவி எடுத்துச் சீட்டுக்கு அடியில் போட்டுவிடலாம். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் குண்டு வைத்த கொக்கி நம்பர் பிளேட்டையோ விளக்கையோ மறைத்தால், இழுக்காத நேரத்தில் எளிதாக எடுத்துவிடும்படி இருக்க வேண்டும் என்பது விதி.

நம் ஊரில் சட்டப் பக்கமும் உண்டு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். முன்பக்க இரும்புக் கம்பிகளை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதும் இந்தப் பிரிவைக் காட்டித்தான். கொக்கி வைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. இழுக்கப்படும் டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும்.

புதிய கார்களில் இன்னொரு தொல்லை. 2019 ஜூலை முதல் வரும் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். கொக்கியைப் பார்த்தே அது விடாமல் கத்தும். கத்தாத சென்சாராக இருந்தால் அது சொல்லும் இடைவெளி பம்பரிலிருந்து கணக்கிட்டது. சுவருக்கும் பம்பருக்கும் ஒரு அடி இருப்பதாக அது சொல்லும்போது கொக்கி சுவரைத் தொட்டிருக்கும்.

எப்போது விட்டுவைக்கலாம்?

ஆலையில் இறக்கிவிட்டு அடுத்த நடைக்கு உடனே திரும்புகிறோம் என்றால் ஒவ்வொரு முறையும் கழற்றச் சொல்ல மாட்டேன். டிராக்டரோடு நிலையாக முடுக்கி வரும் கொக்கியைத் தினமும் எடுக்கவும் முடியாது. அப்போது பட்டையின் முனைக்குச் சிவப்பு வண்ணம் அடித்து ஒளிர்பட்டை ஒட்டுங்கள். பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். நிறுத்தும்போது பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி நிறுத்துங்கள். தெருவோரம் இரவு நிற்கப்போகிறது என்றால் இவை எதுவும் போதாது, கழற்ற முடிந்ததைக் கழற்றிவிட வேண்டும்.

வாடகைக்கு ஆள் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை. மாலையில் சாவியை வாங்கும்போது பின்னையும் சேர்த்து வாங்குங்கள். பின் கைக்கு வந்தால் கொக்கி கழன்றிருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால் வண்டியை இன்னும் நிறுத்தவில்லை என்று டிரைவரைத் திருப்பி அனுப்புங்கள்.