அறிக்கையில் ஒரு வரி: ஹெர்-2 பரிசோதனையும் இலக்குசார் சிகிச்சையும்

மார்பகக் கட்டியின் திசுப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும், ‘நோய் எத்தனையாவது நிலை?’ என்றே பெரும்பாலான குடும்பத்தினர் எங்களிடம் முதலில் கேட்கின்றனர். அது தேவையான கேள்விதான். அதனுடன் ‘ஹெர்-2 முடிவு என்ன?’ என்றும் கேட்குமாறு வேண்டுகிறோம்.

ஹெர்-2 என்பது உயிரணுக்களின் மேற்பரப்பில் இயல்பாகவே உள்ள ஒரு புரதம். வளர்வதற்கான செய்தியை உயிரணுவுக்குள் கொண்டுசெல்வது அதன் பணி. சில மார்பகப் புற்றுநோய்களில் இப்புரதத்தை உருவாக்கும் மரபணு பல படிகளாகப் பெருகிவிடுகிறது. அதனால் புரதமும் மிகுந்து, புற்றணுக்கள் ஓய்வின்றிப் பெருகுகின்றன. நூறு மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 முதல் 20 வரை இவ்வகையைச் சேர்ந்தவை.

இம்மரபணு பெருகியிருந்த பெண்களுக்கு நோய் விரைவில் திரும்பியதை, 1987ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லேமனும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். அன்று அது அச்சமூட்டும் செய்தியாக இருந்தது. ஆயினும் நோயைத் தீவிரமாக்கும் அப்புரதம் உயிரணுவின் வெளிப்புறத்தில் இருந்ததால், அதையே மருந்தின் இலக்காக்க முடிந்தது. அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து, 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொடக்க நிலை நோயிலும் கீமோதெரபியுடன் இம்மருந்தைச் சேர்த்தால், நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை 2005இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

பின்னர் வந்த சில மருந்துகளில், இதே எதிர்ப்பொருளுடன் புற்றணுவை அழிக்கும் வேதிமருந்தும் இணைக்கப்பட்டுள்ளது. எதிர்ப்பொருள் ஹெர்-2 புரதத்தைத் தேடிச் சென்று பற்ற, வேதிமருந்து புற்றணுவின் உள்ளே விடுவிக்கப்படுகிறது. டிராஸ்டுசுமாப் எம்டான்சின், டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் ஆகியவை இவ்வகையின.

அறிக்கையில் ஹெர்-2 முடிவு 0, 1+, 2+, 3+ எனக் குறிக்கப்படும். 3+ என்றால் ‘பாசிட்டிவ்’. 2+ என்றால் முடிவு உறுதியாகவில்லை என்று பொருள். மரபணுவின் படிகளை எண்ணும் ‘ஃபிஷ்’ போன்ற பரிசோதனை தேவைப்படும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டால், பயன்தரக்கூடிய மருந்து ஒருவருக்குக் கிடைக்காமலே போகலாம். 0 அல்லது 1+ என்றாலும் மனம் தளர வேண்டாம். வேறு சிகிச்சைகள் உள்ளன. பரவிய நோயில், முடிவு 1+ ஆக இருப்பினும் டெரக்ஸ்டெகான் சிலருக்குப் பயன்படுகிறது.

சிகிச்சை பெறுவோரும் உடனிருப்போரும் கவனிக்க வேண்டியவை:

1. அறிக்கைகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். வேறு மருத்துவமனையில் திசு எடுக்கப்பட்டிருந்தால், அங்குள்ள மெழுகுத் திசுக் கட்டியை (பிளாக்) கேட்டுப் பெற்று வாருங்கள்.

2. டிராஸ்டுசுமாப் சிலருக்கு இதயத்தின் ஆற்றலைக் குறைக்கலாம். ஆகையால் தொடங்கும் முன்பும், சிகிச்சைக் காலத்தில் மருத்துவர் குறிக்கும் நாட்களிலும் எக்கோ பரிசோதனை அவசியம். மூச்சுத்திணறல், கால் வீக்கம் தோன்றினால் உடனே தெரிவியுங்கள்.

3. தொடக்க நிலை நோயில் இம்மருந்து பொதுவாக மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, ஓராண்டு அளிக்கப்படும். உடல் தேறியதாகத் தோன்றினாலும் இடையில் நிறுத்த வேண்டாம்.

4. செலவு பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். மூல மருந்தை ஒத்த ‘பயோசிமிலர்’ மருந்துகள் 2014 முதல் இந்தியாவில் கிடைக்கின்றன.

ஒரு காலத்தில் அச்சத்தை மட்டுமே தந்த அந்த ஒரு வரி, இன்று சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. அடுத்த முறை வரும்போது அறிக்கையை உடன் கொண்டு வாருங்கள். அந்த வரியைச் சேர்ந்தே படிப்போம்.